வசந்த கால வெள்ளமும் ஆர்.வி.யும்: ரெட் ரிவர் பள்ளத்தாக்கின் கிராமப்புற வீடுகளுக்கான அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில், வினிபெக் நகருக்குத் தெற்கே, சரளைச் சாலையோரம் நிலத்தோடு கூடிய வீடு வாங்கிக் குடியேறிய பிறகு, எங்கள் வாசலில் ஒரு பழைய டிரெய்லரும் வந்து சேர்ந்தது. கோடையில் ஏரிக்கரைக்குப் போவதற்காக வாங்கிய அந்த வண்டியில்தான் 2022ஆம் ஆண்டு வெள்ளத்தின்போது பதினெட்டு நாள்கள் தங்கினோம். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில் மாகாண அரசின் வெள்ள முன்னறிவிப்பு வந்ததும் நண்பர்களும் அவர்களின் நண்பர்களும் தொலைபேசியில் அழைக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் அவையேதான் என்பதால், கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எங்களிடம் இருப்பது பிக்கப்பில் மாட்டி இழுக்கும் சின்ன டிரெய்லர்தான். அதையும் ஆர்.வி. என்று கணக்கில் எடுத்துக்கொள்ளலாமா?

தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். இன்ஜினும் வீடும் ஒன்றாக அமைந்த மோட்டார் ஹோம், பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கும் டிரெய்லர், பிக்கப்பின் பின்தட்டிலேயே இணைப்பைப் பொருத்தும் ஃபிஃப்த் வீல் ஆகிய எல்லாவற்றையும் இங்கே ஆர்.வி. என்றே சொல்கிறேன். படுக்கை, அடுப்பு, கழிப்பறை, சூடேற்றும் ஃபர்னஸ் ஆகிய நான்கும் இருந்தால் போதும்.

வெள்ளக் காலத்தில் டிரெய்லருக்கு ஒரு வசதி உண்டு. பத்திரமான இடத்தில் அதைக் கழற்றி நிறுத்திவிட்டு, பிக்கப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்கோ வேலைக்கோ போய்வரலாம். பின்னோக்கி ஓட்டுவதுதான் அதில் உள்ள தொல்லை. அது எவ்வளவு பெரிய தொல்லை என்பதைக் கீழே சாலை மூடப்படுவதைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

மழையே இல்லை, நல்ல வெயில் அடிக்கிறது. பிறகு எப்படி வெள்ளம் வரும்?

அந்த வெயிலால்தான் வரும். ரெட் ரிவர் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடுகிறது. மின்னசோட்டா, வடக்கு டகோட்டா எல்லையில் தொடங்கி ஏறத்தாழ 885 கிலோமீட்டர் ஓடி வினிபெக் ஏரியில் கலக்கிறது. தெற்கே பனி முதலில் உருகுகிறது. அந்த நீர் வடக்கே வரும்போது, இங்கே ஆறு இன்னும் உறைந்து கிடக்கலாம், மண்ணும் உள்ளே உறைந்திருப்பதால் நீரை உறிஞ்சாது. பனிக்கட்டிப் பாளங்கள் வளைவுகளிலும் பாலங்களிலும் சிக்கி அணைபோல் நின்றுவிட்டால் சில மணி நேரத்தில் நீர்மட்டம் ஏறிவிடும்.

இந்தப் பள்ளத்தாக்கு, அகாசிஸ் என்று பெயரிடப்பட்ட பனியுகத்துப் பேரேரியின் அடித்தளம். பாய் விரித்தாற்போன்ற சமதரை. கரையை மீறிய நீருக்குப் போக வழி தெரியாது. அது பக்கவாட்டில் பரவிக்கொண்டே போகும். 1997இல் வினிபெக்கிற்குத் தெற்கே உண்டான நீர்ப்பரப்பு, அகலமான இடத்தில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் இருந்தது. அதைச் செங்கடல் என்றே மக்கள் அழைத்தார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 29 அன்று செயின்ட் அகத் என்ற ஊருக்குள் நீர் புகுந்தது ஆற்றுப் பக்கமாக அல்ல, மேற்கே வயல்வெளிகளின் மேலாக வந்துதான். ஆகவே "ஆறு எங்கள் வீட்டிலிருந்து வெகு தூரம்" என்பதை நான் ஒரு பதிலாக ஏற்பதில்லை.

வண்டிதான் நல்ல உயரமாக இருக்கிறதே, கடைசி நேரத்தில் வெளிக்கிட்டால் போதாதா?

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டிய கேள்வியே இதுதான். போதாது. ஆர்.வி. பெரியது, கனமானது என்பதால் கடைசியில் கிளம்பலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரியதாகவும் கனமாகவும் இருப்பதால்தான் காரில் போகிறவர்களைவிடக் குறைந்தது ஒரு நாளாவது முன்னதாகக் கிளம்ப வேண்டும்.

முதல் காரணம் நீர். ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே நிற்கும் மனிதரைச் சாய்த்துவிடும். 30 சென்டிமீட்டர் இருந்தால் பெரும்பாலான கார்களை நகர்த்தும். 60 சென்டிமீட்டர் எஸ்.யூ.வி.யையும் பிக்கப்பையும் அடித்துச்செல்லப் போதும். ஆர்.வி. அகலமான பெட்டி, உள்ளே பெரும்பகுதி காற்று. நீரும் காற்றும் சேர்ந்து தள்ளும்போது அதன் உயரம் நமக்கு எதிராகவே வேலை செய்யும்.

இரண்டாம் காரணம் தரை. பனி உருகும் வாரங்களில் சரளைச் சாலையின் மேல்பகுதி களியாகவும் அடிப்பகுதி உறைந்தும் இருக்கும். மேலே தேங்கும் நீர் கீழே இறங்க வழியில்லை. எங்கள் டிரெய்லரை வாசலிலிருந்து சாலைக்குக் கொண்டுவர நாங்கள் முதலில் முயன்றது ஒரு பிற்பகல் மூன்று மணிக்கு. பத்தடி நகர்வதற்குள் இடப்பக்கச் சக்கரங்கள் விளிம்புவரை புதைந்துவிட்டன. பலகைகளைக் கொடுத்து, மண்ணைத் தோண்டிப் பார்த்து, இருட்டியதும் கைவிட்டோம். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு, இரவுக் குளிரில் மேல்மண் மீண்டும் இறுகி, காலடியில் ஓடுபோல் நொறுங்கும் பதத்தில் இருந்தபோது, அதே பிக்கப் அதே வண்டியை ஒரே இழுப்பில் வெளியே கொண்டுவந்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: மார்ச் மாத நடுவிலேயே, தரை கெட்டியாக இருக்கும்போதே, வண்டியைத் தார்ச்சாலை ஓரத்தில் உள்ள ஒரு மேட்டு நிலத்திற்கு, அனுமதி பெற்று, மாற்றிவிடுங்கள். அது முடியாவிட்டால் விடியற்காலையில் கிளம்புங்கள்.

அறிவிப்பில் "வாட்ச்" என்கிறார்கள், "வார்னிங்" என்கிறார்கள். எதற்கு வண்டியை எடுப்பது?

மானிட்டோபாவில் மூன்று நிலைகள் உண்டு. ஆறுகளும் ஓடைகளும் ஏறக்கூடும், தாழ்வான இடங்களில் சிறிய அளவில் நீர் புகலாம் என்ற பொதுவான எச்சரிக்கைக்கு ஹை வாட்டர் அட்வைசரி என்று பெயர். நீர்மட்டம் வெள்ளக் கட்டத்தை நெருங்குகிறது, ஆனால் அடுத்த 24 மணி நேரத்திற்குள் எட்டாது என்றால் ஃப்ளட் வாட்ச். எட்டிவிட்டது அல்லது 24 மணி நேரத்திற்குள் எட்டும் என்றால் ஃப்ளட் வார்னிங். எல்லைக்குத் தெற்கே அமெரிக்காவிலும் வாட்ச் என்றால் வெள்ளம் வரக்கூடிய நிலை, வார்னிங் என்றால் வந்துவிட்டது அல்லது உறுதியாக வரப்போகிறது என்று பொருள்.

என் கணக்கு எளிமையானது. வாட்ச் வந்த அன்றே ஆர்.வி. கிளம்ப வேண்டும், வார்னிங் வரும்போது அது வேறிடத்தில் நின்றுகொண்டிருக்க வேண்டும். வெளியேறும்படி உங்கள் ஊரக நகராட்சி உத்தரவிட்டால் அதன்பின் விவாதமே இல்லை. ஆனால் அந்த உத்தரவுக்காகவே காத்திருப்பவர்கள், ஊரே சாலையில் இறங்கும் நேரத்தில்தான் தங்கள் வீட்டை இழுத்துக்கொண்டு இறங்குகிறார்கள்.

முன்னறிவிப்பில் சொன்ன உயரத்தைவிட எங்கள் வீடு இரண்டடி மேலே இருக்கிறது. பிறகு என்ன பயம்?

1997இல் வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரத்திற்கு முன்னறிவித்த உச்சம் 49 அடி. மக்கள் அதற்கு மேல் சில அடிகள் சேர்த்து மண்மூட்டை அடுக்கினார்கள். ஆறு 54.35 அடி வரை ஏறி, ஊரையே காலி செய்ய நேர்ந்தது. இரண்டடி என்பது ஒரு கனமழையோ பாலத்தில் சிக்கும் ஒரு பனிக்கட்டியோ அழித்துவிடக்கூடிய இடைவெளி.

மேலும், வீடு மேட்டில் இருப்பதும் சாலை மேட்டில் இருப்பதும் வேறு வேறு. வீடு நனையாமலே நீங்கள் தீவில் மாட்டிக்கொள்ளலாம்.

வண்டி இன்னும் குளிர்காலக் கட்டிலேயே இருக்கிறது. குழாய்களில் உறையாமல் காக்கும் ரோஸ் நிற ஆன்டிஃப்ரீஸ் இருக்கிறது. அதையெல்லாம் கழுவி எடுத்துத் தயார் செய்ய வேண்டுமா?

வேண்டாம். ஏப்ரல் இரவுகளில் இங்கே வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே போகும். குழாய்களைக் கழுவி நல்ல நீரை நிரப்பிவிட்டால், ஃபர்னஸ் நின்றுபோகும் முதல் இரவிலேயே குழாய் வெடிக்கும். ஆன்டிஃப்ரீஸை அப்படியே விட்டுவிட்டு, குடிக்கவும் சமைக்கவும் கேன்களில் நீர் எடுத்துச் செல்லுங்கள். கழிப்பறையைப் பயன்படுத்தலாம், கழுவுவதற்கு நீருக்குப் பதில் அதே ரோஸ் நிற ஆர்.வி. ஆன்டிஃப்ரீஸைக் குவளையில் ஊற்றினால் கழிவுத் தொட்டியும் வால்வும் உறையாது. கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் பச்சை நிறத் திரவம் நஞ்சு. அதை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

அதற்குப் பதிலாக வேறு மூன்றைப் பாருங்கள். பேட்டரி குளிர்காலம் முழுவதும் வண்டியிலேயே கிடந்திருந்தால் முதலில் அதைச் சோதிக்க வேண்டும். சார்ஜ் இறங்கிய பேட்டரி இந்த ஊர்க் குளிரில் உறைந்து பிளந்துவிடும். டயர்களின் காற்றழுத்தம் குளிரில் இறங்கியிருக்கும், வெடிப்புகளும் இருக்கலாம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் காட்டும். 1416 என்றிருந்தால் அது 2016ஆம் ஆண்டின் 14ஆம் வாரத்தில் செய்தது. மேல்வரிப் பள்ளங்கள் நன்றாகத் தெரிந்தாலும் அவ்வளவு பழைய டயரை நம்பி வீட்டை இழுக்கக்கூடாது. மூன்றாவது, எலி. ஃபர்னஸின் காற்றுக் குழாயில் அது கூடு கட்டியிருக்கும். பற்றவைத்துப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

இடம் இருக்கிறதே என்று வீட்டில் உள்ளதையெல்லாம் ஏற்றலாமா?

இடம் இருப்பது வேறு, எடை தாங்குவது வேறு. கதவின் அருகே ஒட்டியிருக்கும் மஞ்சள் நிறச் சீட்டில் அந்த வண்டி எத்தனை கிலோ சரக்குத் தாங்கும் என்று அச்சிட்டிருக்கும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ என்பதால், 150 லிட்டர் தொட்டியை நிரப்பினாலே 150 கிலோ போய்விடும். குளிர்காலக் கட்டை அவிழ்க்காமல் இருப்பதில் இந்த லாபமும் உண்டு. டிரெய்லராக இருந்தால் அதன் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை முன்பக்கக் கொக்கியின் மேல் விழ வேண்டும். கிரைண்டரையும் அரிசி மூட்டைகளையும் பின்பக்கம் அடுக்கிவிட்டால் வேகமெடுக்கும்போது வண்டி வாலாட்டத் தொடங்கும். அதை அடக்குவது அனுபவசாலிகளுக்கே கடினம்.

கடவுச்சீட்டுகள், குடியுரிமை ஆவணங்கள், நிலப் பத்திரம், காப்பீட்டு ஒப்பந்தம், குறைந்தது இரண்டு வாரத்திற்கான மருந்துகள், மூக்குக் கண்ணாடி, ரப்பர் பூட்ஸ். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருந்தால் அவர்களின் விசா, மருத்துவக் காப்பீடு, மருந்துச் சீட்டு ஆகியவற்றை அவர்கள் கைப்பையிலேயே வையுங்கள். பெட்டியின் அடியில் வைத்தால் தேவைப்படும்போது கிடைக்காது. மாடிக்கு ஏற்ற முடிந்தவற்றை மாடியிலேயே விட்டுவிடுங்கள். திருமண ஆல்பம் மட்டும் எங்கள் வண்டியிலும் வந்தது. அதற்குச் சமாதானம் ஒன்றும் சொல்வதற்கில்லை.

கிளம்பும் முன் வீட்டில் எதையெல்லாம் மூட வேண்டும், எதையெல்லாம் விட வேண்டும்?

மின்சாரத்தின் முதன்மை சுவிட்சு பேஸ்மென்ட்டில் இருந்து, அங்கே ஏற்கெனவே நீர் நின்றால், அதைத் தொடப் போகாதீர்கள். மின் நிறுவனத்திற்குச் சொல்லிவிடுங்கள். தரை உலர்ந்திருக்கும்போதே முடிவெடுக்க வேண்டிய காரியம் இது. பேஸ்மென்ட்டில் சேரும் நீரை வெளியே இறைக்கும் சம்ப் பம்ப் ஓட வேண்டும் என்பதற்காகச் சிலர் மின்சாரத்தை விட்டுவைக்கிறார்கள். நீர் மின்பலகைவரை ஏறும் வாய்ப்பே இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அப்படிச் செய்யலாம்.

வெளியே நிற்கும் புரோபேன் டாங்கின் வால்வை மூடி, டாங்கைத் தரையோடு பிணைக்க வேண்டும். திரவ புரோபேன் ஏறத்தாழ நீரின் பாதி அடர்த்திதான் என்பதால் நிரம்பிய டாங்கும் மிதக்கும். குழாயைப் பிய்த்துக்கொண்டு மிதந்து போகும் டாங்க் சீறிக்கொண்டே போகும். செப்டிக் டேங்கைப் பொறுத்தவரை, பலரும் நல்லதென்று நினைத்து வெள்ளத்திற்கு முன் அதைக் காலி செய்கிறார்கள். காலியான தொட்டியை நனைந்த மண் மேலே தூக்கிவிடும் என்பதால் அதைச் செய்யாதீர்கள். பேஸ்மென்ட் தரையிலுள்ள வடிகால் வாய்களை அடைத்துவிட்டு, கிணற்றின் மூடியை இறுக்கி, வண்டியில் ஏறுங்கள்.

எந்தப் பக்கம் போவது? நெடுஞ்சாலை வழியே வினிபெக்கிற்குப் போய்விட்டால் என்ன?

வினிபெக்கைச் சுற்றி நீரைத் திருப்பிவிடும் 47 கிலோமீட்டர் நீளக் கால்வாய் 1968இல் முடிந்தது. 1950இல் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெளியேற நேர்ந்ததன் விளைவு அது. ஆனால் அந்தக் காப்பு நகரத்திற்குத்தான், அதற்குத் தெற்கே இருக்கும் நமக்கு அல்ல. தெற்கிலிருந்து நகரத்திற்குப் போகும் 75ஆம் நெடுஞ்சாலை ஆற்றையொட்டியே ஓடுவதால், பெரிய வெள்ளங்களில் மாரிஸ் ஊரின் அருகே அது மூடப்படுவது வழக்கம், 2022இலும் மூடினார்கள்.

ஆகவே ஆற்றோடு சேர்ந்து வடக்கிலோ தெற்கிலோ போகாதீர்கள், ஆற்றுக்குக் குறுக்காக விலகிப் போங்கள். கிழக்குக் கரையில் வீடு இருந்தால் கிழக்கே, மேற்குக் கரையில் இருந்தால் மேற்கே. பாலத்தைக் கடக்கத் தேவையில்லாத திசையே நல்ல திசை. பழைய பேரேரியின் விளிம்பான மேட்டு நிலம் மேற்கே மோர்டன் பக்கம் கண்ணுக்கே தெரியும்படி எழும்புகிறது; கிழக்கே ஏற்றம் மெதுவானது. கிளம்பும் காலையில் 511 சேவையில் சாலை நிலவரத்தைப் பார்த்துவிட்டு இரண்டு வழிகளைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசி காட்டும் வரைபடத்திற்குச் சரளைச் சாலை களியாகிவிட்டது தெரியாது.

போகும் வழியில் சாலையின் மேல் நீர் ஓடினால்? அரை அடிதான் இருக்கும்போல் தெரிந்தால்?

நிறுத்துங்கள், திரும்புங்கள். மேலே சொன்ன 30, 60 சென்டிமீட்டர் கணக்கெல்லாம் நீருக்கு அடியில் சாலை இருக்கிறது என்ற நம்பிக்கையில் சொன்னவை. சரளைச் சாலையின் குறுக்கே நீர் ஓடும்போது அது முதலில் அரிப்பது சாலையின் கீழ்ப்பக்கத்து விளிம்பையும் நீர்க்குழாய்ப் பாலத்தையும்தான். மேலே பழுப்பு நீர் அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும். அடியில் ஆளுயரப் பள்ளம் இருக்கும்.

திரும்புவது எப்படி என்பதில்தான் டிரெய்லர்காரர்களுக்குச் சிக்கல். இருபுறமும் பள்ளமான ஒற்றைச் சாலையில் டிரெய்லரோடு வட்டமடிக்க முடியாது. இந்தச் சமவெளியில் சாலைகள் பெரும்பாலும் ஒரு மைலுக்கு ஒன்றாகக் கட்டம் போட்டு வெட்டிக்கொள்கின்றன. அப்படியானால் அதிகபட்சம் ஒரு மைல் தூரம் பின்னோக்கி ஓட்ட வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்க, முந்தின நாள் பிக்கப்பை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த வழியில் ஒரு முறை போய்வாருங்கள். எந்தப் பண்ணை வாசலில் வண்டியைத் திருப்ப முடியும் என்று குறித்துக்கொள்ளுங்கள். கிளம்பும் நாளில் இன்னொரு கார் முன்னால் போய்ப் பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

கேம்ப்கிரவுண்டுகள் எல்லாம் மே மாதம்தான் திறக்குமாமே. எங்கே போய் நிறுத்துவது?

உண்மைதான், பெரும்பாலானவை மூடியிருக்கும். திறந்திருக்கும் சிலவற்றிலும் தண்ணீர்க் குழாய்கள் அடைத்தே இருக்கும். மேட்டு நிலத்தில் இருக்கும் நண்பரின் முற்றம்தான் முதல் தேர்வு. அடுத்து, வெளியேறியோருக்கென நகராட்சி ஒதுக்கும் மைதானங்கள், தேவாலய வளாகங்கள், லாரி நிறுத்தங்கள். பெரிய கடைகளின் வாகன நிறுத்துமிடங்களில் சில கிளைகள் இரவு தங்கவிடும், சில விடாது. உள்ளே போய் மேலாளரிடம் கேட்டுவிடுங்கள். மார்ச் மாதமே இரண்டு இடங்களில் பேசி வைப்பது என் வழக்கம்.

எங்கே தங்கினாலும் வெளியேறியோருக்கான வரவேற்பு மையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். வண்டியில் வசதியாக இருக்கிறோம், நமக்கெதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பிற்பாடு உதவி கேட்கும்போது அந்தப் பதிவு பயன்படும்; அதற்கு முன்பே, உங்களைத் தேடிப் படகு அனுப்பாமல் இருக்கவும் பயன்படும்.

மின் இணைப்பே இல்லாத இடத்தில் குளிரை எப்படித் தாங்குவது?

ஃபர்னஸ் புரோபேனில் எரிந்தாலும் அதன் விசிறி ஓடுவது 12 வோல்ட் பேட்டரியில்தான். வாயு தீருமுன் பேட்டரி தீர்ந்துவிடுவதே வழக்கம். அதனால்தான் பேட்டரியை முதலில் சோதிக்கச் சொன்னேன். வழக்கமான 20 பவுண்டு சிலிண்டர் ஒன்றில் ஏறத்தாழ 4,30,000 பி.டி.யு. வெப்பம் இருக்கிறது. மணிக்கு 30,000 பி.டி.யு. எரிக்கும் ஃபர்னஸ் நிற்காமல் எரிந்தால் அது 14 மணி நேரம் வரும். பாதி நேரம் எரிந்து பாதி நேரம் ஓய்ந்தால் ஒரு நாளுக்குச் சற்று மேல். இரண்டு சிலிண்டர் இருந்தால் ஒன்று தீர்ந்தவுடன் நிரப்பிவிடுங்கள்.

சமையல் அடுப்பை எரியவிட்டுக் குளிர்காயக் கூடாது. ஜெனரேட்டரை வண்டியிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகை எந்த வண்டியின் ஜன்னலுக்கும் போகாதபடி வையுங்கள். நெருக்கமாக நிறுத்திய மைதானத்தில் உங்கள் ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்ஸைடு பக்கத்து வண்டிக்காரரைக் கொல்லக்கூடும். உள்ளேயிருக்கும் எச்சரிக்கைக் கருவிக்கும் ஆயுள் உண்டு. அதன் பின்புறத்தில் காலாவதி ஆண்டு அச்சிட்டிருக்கும்.

நாயும் பன்னிரண்டு கோழிகளும் இருக்கின்றன. என்ன செய்வது?

நாய் உங்களோடு வரும். தங்கும் முகாம்களில் செல்லப்பிராணிகளை அனுமதிக்காமல் போகலாம் என்பதால், ஆர்.வி. வைத்திருப்பதன் பெரிய அனுகூலமே இதுதான். கோழிகளை வண்டிக்குள் ஏற்றாதீர்கள். மேட்டில் பண்ணை வைத்திருக்கும் ஒருவரிடம் முன்கூட்டியே ஒப்படையுங்கள். ஆடு மாடுகளுக்கும் இதுவே பொருந்தும். அவற்றை மாற்ற வேண்டிய நேரம், சாலை கெட்டியாக இருக்கும் மார்ச்.

எங்கள் வீட்டைச் சுற்றி மண் கரை கட்டியிருக்கிறது. குடும்பம் வண்டியில் போகட்டும், நான் மட்டும் இருந்து பம்ப்பைப் பார்த்துக்கொள்கிறேனே?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் கணவர்கள் கேட்கிறார்கள். அருகில் மனைவி பதிலுக்காகக் காத்திருப்பது தொலைபேசியிலேயே தெரியும். 1997க்குப் பிறகு இப்பகுதியில் ஏராளமான வீடுகள் வளையக் கரைகளால் காக்கப்பட்டிருக்கின்றன. அவை பலமுறை பயன்பட்டும் இருக்கின்றன. ஆனால் கரை காப்பது வீட்டைத்தான், சாலையை அல்ல. நீர் சூழ்ந்தபின் வெளியேற ஒரே வழி படகு. நெஞ்சுவலி வந்தாலும் படகுதான். அலை அடித்துக் கரை உடைந்தால், நீர் படிப்படியாக ஏறாமல் ஒரே பாய்ச்சலாக உள்ளே வரும்.

நகராட்சி அனுமதித்து, இரண்டு பேராக இருந்து, படகும் உயிர்காக்கும் உடையும் ரேடியோவும் இருந்தால் யோசிக்கலாம். கட்டாய வெளியேற்ற உத்தரவு வந்த பிறகு தங்குவதை நான் ஏற்கவே மாட்டேன். மீட்கப் போகும் படகில் இருப்பதும் ஒருவருடைய கணவர்தான்.

காப்பீடு எதற்கெல்லாம் பணம் தரும்?

சாதாரண வீட்டுக் காப்பீடு, நிலத்தின் மேல் பரவி வரும் வெள்ளத்திற்குப் பணம் தராது. கனடாவில் அதற்கென்று தனியாகச் சேர்க்கும் பிரிவு உண்டு. ஆற்றங்கரை வீடுகளுக்கு அது கிடைக்காமலும் போகலாம். அமெரிக்கப் பக்கம் இருப்பவர்களுக்கான தேசிய வெள்ளக் காப்பீடு வாங்கிய பின் பொதுவாக 30 நாள் காத்திருப்புக் காலம் உண்டு. ஏப்ரலில் வாங்கினால் அந்த ஆண்டின் வெள்ளத்திற்கு உதவாது. வெளியே தங்கும் செலவையும் அது தராது. ஆர்.வி.க்கு, மோதல் அல்லாத சேதங்களையும் சேர்த்துக் காக்கும் பிரிவு இருந்தால் வெள்ளமும் அதில் அடங்கும். ஆனால் குளிர்காலத்தில் பணம் மிச்சம் பிடிக்க அதன் சாலைக் காப்பீட்டை நிறுத்தி வைத்திருப்பவர்கள், சாலையில் இறக்கும் முன் அதை மீண்டும் தொடங்கியாக வேண்டும். கிளம்புவதற்கு முன் ஒவ்வோர் அறையையும் பேஸ்மென்ட்டையும் காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நீர் வடிந்துவிட்டது. பேஸ்மென்ட்டில் மட்டும் நான்கடி நிற்கிறது. பெரிய பம்ப் வைத்து ஒரே நாளில் இறைத்துவிடலாமா?

கூடாது. வெளியே மண் முழுவதும் நனைந்து சுவரை உள்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. உள்ளே நிற்கும் நீர்தான் அந்தச் சுவரைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. அதை ஒரேயடியாக எடுத்துவிட்டால் வெள்ளத்தில் தப்பிய சுவர் பம்ப்பினால் விழும். ஓரடி இறைத்து, சுவரில் கோடு போட்டு, ஓர் இரவு பொறுங்கள். நீர் மீண்டும் கோட்டுக்கு மேல் ஏறினால் இன்னும் காலம் வரவில்லை.

கிணற்று நீரைக் குளோரின் இட்டுச் சுத்திகரித்து, ஆய்வகச் சோதனையில் தேறிய பிறகே குடிக்க வேண்டும். கொதிக்க வைப்பது கிருமியைக் கொல்லும்; வயல்களிலிருந்து வந்த பூச்சிமருந்தையும் டீசலையும் போக்காது.

வீடு சரியாகும் வரை எங்கள் முற்றத்திலேயே ஆர்.வி.யில் இருக்கலாமா?

நகராட்சியிடம் தற்காலிக அனுமதி கேட்டுப் பெற்றால் இருக்கலாம். நான் பார்த்தவரை இடைஞ்சல் அனுமதியால் வருவதில்லை, கழிவால்தான் வருகிறது. மண் நீரில் ஊறியிருக்கும்வரை செப்டிக் வேலை செய்யாது. ஆகவே வண்டியின் கழிவுத் தொட்டியை அதில் திறந்துவிடவும் முடியாது. ஆர்.வி. கழிவைக் கொட்டுவதற்கான டம்ப் ஸ்டேஷன்வரை வண்டியை இழுத்துச் செல்ல வேண்டும், அல்லது சக்கரம் வைத்த சிறிய தொட்டியில் மாற்றிப் பிக்கப்பில் கொண்டுபோக வேண்டும். நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். நான்கு பேருக்கு ஐந்து நாளுக்கு ஒரு முறை. வண்டியை நிறுத்தும் இடத்தில் சக்கரங்களுக்கு அடியில் அகலப் பலகை கொடுங்கள். மேலே காய்ந்து வெடித்திருக்கும் களிமண் அடியில் ஜூன்வரை இளகியே இருக்கும். எங்கள் வாசலில் இடப்பக்கச் சக்கரங்கள் புதைந்த அந்தப் பள்ளத்தில் அந்த ஆண்டு ஜூலையில்தான் சரளை கொட்ட முடிந்தது.